சீட்டாளி

அன்றைக்கு ஆலங்கிணற்றில் யாரும் சாகவில்லை. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யார் வீட்டு மாமியாரும் குளியலறையில் வழுக்கி விழவில்லை, நிச்சயித்த கல்யாணம் எதுவும் நின்றுபோகவில்லை, எந்தப் பிள்ளைக்கும் அம்மை போடவில்லை, கோயம்புத்தூர் போகவேண்டிய ஒரே ஒரு ஆளுக்குக்கூடக் கிளம்புகிற நேரத்தில் வயிறு கலங்கவில்லை. ஊருக்கு அப்படி ஒரு நல்ல நாள் வாய்த்ததால்தான் இவ்வளவும் வந்தது. நல்ல நாளைப் போய்க் குறை சொல்கிறாளே என்று என்னை முறைக்காதீர்கள். பதினான்கு வருஷம் பஸ் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். யாருக்காவது ஏதாவது ஆகும் என்ற நம்பிக்கையில் ஓடிய பிழைப்பு எங்களுடையது.

என் பேர் முப்பிடாதி. தங்கப்பழம் அண்ணாச்சியின் டிராவல்ஸில் சீட்டு எழுதுகிறவள். அண்ணாச்சிக்கு இருந்தது ஒரே ஒரு பஸ். காலை ஆறரைக்கு மார்க்கெட் முக்கில் கிளம்பி மத்தியானம் இரண்டுக்கு கோயம்புத்தூரில் இறக்கிவிடும். அதில் முப்பத்தாறு சீட்டு. ஆனால் சார்ட்டில் நான் எழுதுவது முப்பத்தெட்டுப் பேர், முகூர்த்தக் காலமென்றால் முப்பத்தொன்பது. "ஏம்மா, முப்பத்தாறு பேரும் வந்துருவானா? மனுசப் பிறவின்னா ரெண்டு பேருக்கு ஏதாச்சும் ஆகும்ல?" என்பார் அண்ணாச்சி. ஆகத்தான் செய்தது. ஒருத்தனுக்கு மாமனார் போய்ச்சேருவார், ஒருத்திக்கு லீவு கிடைக்காது, ஒருத்தன் அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கிப்போவான், கிளம்புகிற நேரத்துக்குக் கணக்காக முப்பத்தாறு தலை இருக்கும், அண்ணாச்சி கிழக்கே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எப்போதாவது ஒரு தலை கூடிவிட்டால் நான் கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவேன்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." உடனே ஒரு பிள்ளை மடிக்குப் போகும், ஒரு ஆள் டிரைவர் பக்கத்துப் பெட்டிமேல் உட்காருவார், பஸ் கிளம்பிவிடும்.

அந்த நல்ல நாளில் முப்பத்தெட்டுப் பேரும் வந்து நின்றார்கள். ஒருத்தரைப் பெட்டிமேல் ஏற்றியாயிற்று. மிச்சம் பதினொன்றாம் நம்பர் சீட்டுக்கு இரண்டு பேர்: டிராயிங் வாத்தியார் பிலவேந்திரன், ரைஸ் மில் சூப்பர்வைசர் கோமதிநாயகம். இரண்டு பேர் கையிலும் டிக்கெட், இரண்டிலும் என் கையெழுத்து. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி டிக்கெட்டைப் பார்க்கிறார், கோமதிநாயகம் என்னைப் பார்க்கிறார், டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். காலையிலிருந்து ஒரு வாய் காபி குடிக்காத எரிச்சலில், பதினான்கு வருஷமாகச் சொன்ன அதே வாக்கியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்!"

பண்ணிக்கொண்டார்கள். ஒருத்தர் மடியில் ஒருத்தர் இல்லை, பாதிப் பாதி ஒட்டிக்கொண்டும் இல்லை. வாத்தியார் அந்தச் சீட்டில் முழுசாக உட்கார்ந்திருந்தார், கோமதிநாயகமும் அதே சீட்டில் முழுசாக உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கமிருந்து பார்த்தால் வாத்தியாரின் கண்ணாடி தெரிந்தது, நடைபாதைப் பக்கமிருந்து பார்த்தால் கோமதிநாயகத்தின் வெற்றிலை வாய் தெரிந்தது, நேரே பார்த்தால் நீங்கள் யாரைத் தேடுகிறீர்களோ அவர் தெரிந்தார். கண்டக்டர் வந்து பார்த்தார், காதைச் சொறிந்தார், சார்ட்டில் இரண்டு பேருக்கும் டிக் போட்டார், ரைட் கொடுத்தார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னோம், பண்ணினார்கள். மற்ற முப்பத்தாறு பேருக்கும் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய கவலை.

ஒரு மாசத்தில் ஊரே கற்றுக்கொண்டது. அண்ணாச்சியின் மச்சினர் நடத்துகிற கல்யாண மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்தார்கள், ஒரே மணவறையில் இரண்டு ஜோடி உட்கார்ந்தது, ஒரே கெட்டிமேளத்தில் இரண்டு தாலி ஏறியது, வந்தவர்கள் அவரவருக்குத் தெரிந்த மாப்பிள்ளைக்கு மொய்க்கவரை நீட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். டாக்டர் வீட்டில் ஏழாம் நம்பர் டோக்கன் இரண்டு பேருக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரே ரோல் நம்பரில் இரண்டு பிள்ளைகள். சலூன் நாற்காலி, வாடகை வீட்டு மாடி, ரேஷன் கடை வரிசையில் போட்டுவைத்த செருப்பு, கடைசியில் சுடுகாட்டு மேடைகூட. இடம் இல்லை என்ற பேச்சே ஊரிலிருந்து போயிற்று. அடேயப்பா, எவ்வளவு பெருமை எங்களுக்கு! வெளியூர்க்காரன் வந்து "ஃபுல்லா?" என்று கேட்டால் சிரிப்போம்.

இப்படி ஓர் இடத்தில் சேர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. பங்காளி என்கிறோம், கூட்டாளி என்கிறோம், இது சீட்டாளி என்று யாரோ சொல்ல, அது ஒட்டிக்கொண்டது. சீட்டாளி வீட்டுக்குப் பொங்கலுக்குக் கரும்பு போயிற்று. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்மார் பேருக்குக் கீழே சீட்டாளிமார் பேர் அச்சாயிற்று. கோயிலில் ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டுவிட்டு, "சீட்டாளி உண்டா?" என்றும் கேட்டுக்கொண்டார், ஏனென்றால் அர்ச்சனையில் பாதி அந்தப் பக்கம் போய்விடும். குழாயடியில் சண்டை வந்தால், "போடி, ஒரு சீட்டுக்கு ஆகாதவளே!" என்று ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டார்கள்.

கோமதிநாயகத்தின் சம்சாரம் பாப்பாத்தி ஒருநாள் கவுண்டருக்கு வந்தாள். டிக்கெட்டுக்கு இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முப்பிடாதி, இவரு வீட்ல இருக்காரா இல்லையான்னே எனக்குத் தெரியல. தட்டு வைக்க மறந்துருதேன். லைட்ட அணைச்சிட்டுக் கதவப் பூட்டிட்டுக் கெளம்பிருதேன், அவரு உள்ள இருக்காரு. எதுக்க உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, எங் கண்ணுல படல. வாத்தியார் வீடு போயிப் படுத்த பெறவுதான் இவரு தெம்படுதாரு."

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. ஒரு சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் உட்கார்ந்து எழுந்தபிறகு ஊர் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுப்பது ஓர் ஆளுக்கான இடம்தான். ஒருத்தர் கண்ணில் பட்டால் மற்றவர் படமாட்டார். ஒருத்தர் பேச்சு காதில் விழுந்தால் மற்றவர் பேச்சு விழாது. அதிலும் யார் வாய் பெரிதோ அவருக்கே பங்கு பெரிது, வாய்செத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

விளங்கி என்ன செய்தோம்? அதற்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். வாத்தியாரும் கோமதிநாயகமும் டைம்டேபிள் போட்டார்கள். சாயங்காலம் நாலு மணி வரை வாத்தியார் இருப்பார், அதற்குப்பிறகு அவர் வாயை மூடி ஒரு மூலையில் முடங்கிக்கொள்வார், கோமதிநாயகம் இருக்கத் தொடங்குவார். பல வீடுகளில் சமையற்கட்டுச் சுவரில் பால் கணக்கு அட்டைக்குப் பக்கத்தில் இந்த டைம்டேபிள் தொங்கியது. சீட்டாளி செத்துப்போனால் மற்றவருக்கு முழு இடமும் வரும் என்பதும் தெரிந்துபோனது. துட்டிவீட்டில் வாய்விட்டு அழுகிறபோதே கால் தரையில் நன்றாக ஊன்றுவதை உணர்ந்து, அந்த சந்தோஷத்துக்காக மறுபடி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலிருந்து தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. லீவில் வந்த மிலிட்டரிக்காரர் ஒருத்தர், நான் தலையை நீட்டி என் வாக்கியத்தைச் சொன்னதும், பஸ் படியில் நின்றபடியே, "முடியாது. இது என் சீட்டு," என்றார். அவ்வளவுதான். சீட்டு ஒரு சீட்டாகவே இருந்தது. அதே சீட்டுக்கு டிக்கெட் வைத்திருந்த இன்னொருத்தர் கோயம்புத்தூர் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார், கால் வீங்கியது, இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லை முகத்துக்கு நேரே சொல்லுகிற வழக்கம் கிடையாது. பார்ப்போம் என்போம், சொல்லி அனுப்புகிறேன் என்போம், அதுக்கென்ன என்போம், முடியாது என்று மட்டும் சொல்லமாட்டோம். சொன்னால் செருப்பைத் தூக்கிக் காட்டியது மாதிரி. அந்த மிலிட்டரிக்காரரின் திமிரைப் பற்றி மூன்று மாசம் பேசினோம். அவர் சொன்ன சொல்லை ஒருத்தரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனிமேல் சொல்லப்போவது என் தங்கச்சி கதை. இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

அவள் பேர் பேச்சியம்மாள். பேச்சி என்று சாமி பேர் வைத்தும் வாயில் பேச்சு கிடையாது. எனக்குப் பதினெட்டு வயசு, அவளுக்கு ஆறு, அப்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. ஒரே அறை, ஒரே பாய், ஒரே போர்வை. நான் காலை நீட்டிப் படுப்பேன், அவள் சுவரோரம் மடங்கிக்கொள்வாள். "பேச்சிக்கு என்ன வேணும்?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லுவேன். கடைக்காரர் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும் நான்தான். அவளைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவளைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. அவள் என்னோடு இருப்பது எனக்குக் கைகால் இருப்பது மாதிரி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததும் பெரிதாகத் தெரியவில்லை, வீட்டுக்குப் போனால் அவள் இருந்தாள்.

அவள் லேப் டெக்னீஷியன் படித்து, எங்கள் ஊர் ரத்தப் பரிசோதனைக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். இருபத்தொன்பது வயசில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய லேபில் வேலைக்கு எழுதிப் போட்டு, இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது, எனக்குத் தெரியாது. எப்படித் தெரிந்தது தெரியுமா? கவுண்டர் வரிசையில் மற்ற ஆட்களோடு ஓர் ஆளாக நின்று, தன் முறை வந்ததும் ஜன்னலில் குனிந்து, "அக்கா, வர்ற இருபத்தேழாம் தேதிக்கு நாலாம் நம்பர் சீட்டு வேணும். ஜன்னல் சீட்டு," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் எனக்கு இது வேணும் என்று கேட்டது அன்றைக்குத்தான். பின்னால் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு என்ற கட்டத்தில் பேச்சியம்மாள் என்று எழுதினேன்.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஜெபக்கனி வந்தாள். பஜாரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள், அவள் வருவதற்கு முன்னால் அவள் சிரிப்பு வந்துவிடும். "யக்கா, நாளைக்கு நான் போகலைன்னா ஒரு கல்யாணப் பொண்ணு மேக்கப் இல்லாம மணவறையில உக்காருவா, அந்தப் பாவம் ஒங்களுக்குத்தான்!" என்றாள். முப்பத்தாறும் முடிந்து, மேல்கொண்டு மூன்றும் போட்டாகிவிட்டது. யாருடைய சீட்டில் இவளைப் போடுவது? சார்ட்டில் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தேன். ஒன்றில் இருந்த ஆள் கத்துவான். இரண்டில் இருந்தவள் சாபம் விடுவாள். மூன்றில் அண்ணாச்சிக்கு வேண்டியவர். நாலாம் கட்டத்தில் என் தங்கச்சி.

அதன் விலை என்னவென்று எனக்குத் தெரியும். ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தேதான் எழுதினேன். கத்தமாட்டாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அவள் போவதை நான் விரும்பவில்லை.

மறுநாள் காலையில் புதுச் சுடிதார் போட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நாலாம் நம்பரில் ஜெபக்கனி ஏற்கெனவே உட்கார்ந்து முன்சீட்டுக்காரியோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சி படியில் ஒரு கால் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றேன்.

"சரிக்கா," என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பேரக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன். பாக்கல. அடுத்த பேரக் கூப்பிட்டுட்டாங்க."

"நாந்தான் பேச்சியம்மாள்னு சத்தமாச் சொல்லவேண்டியதுதான, ஏட்டி!"

"சொன்னேன்க்கா. மூணு தடவ சொன்னேன்."

அந்த நேரத்தில் ஜெபக்கனி எங்கேயோ ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருப்பாள். வேலை போயிற்று. ஐயோ பாவம் என்று சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்கவில்லை. போகட்டும், இனி வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன்.

எங்கே இருந்தாள்? ஜெபக்கனி விடிந்ததிலிருந்து பேசுவாள், பார்லரில் பேசுவாள், போனில் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். டைம்டேபிள் போடலாம் என்று போனால், "போடலாமே யக்கா!" என்று அதையே அரைமணி நேரம் பேசுவாள். மத்தியானம் சாப்பிட்டபிறகு இரண்டிலிருந்து மூன்றரை வரை பார்லர் நாற்காலியில் அசந்து தூங்குவாள், அந்தத் தூக்கத்தில் மட்டும் பேச்சு இல்லை. என் தங்கச்சி உலகத்தில் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். ரத்தப் பரிசோதனைக் கடையில் இவள் வருவதையே மறந்து வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நான் கவுண்டரை அடைத்துவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு ஓடுவேன். சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் முழுக்கக் குவிந்த பேச்சை அந்த நேரத்தில் பேசித் தீர்க்கலாம் என்று போவேன், கடைசியில் பேசுவதெல்லாம் நானாகத்தான் இருக்கும். மூன்றரை ஆனதும் என் பேச்சுக்கு எதிரே சுவர் மட்டும் இருக்கும்.

ஐப்பசி மழை பெய்த ஒரு நாள், உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசியைக் களைந்து போட்டுவிட்டு மூடப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பானையில் ஓர் ஆளுக்கான அரிசி. எத்தனை நாளாக ஓர் ஆளுக்கு வடிக்கிறேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. ஆறு வயசுப் பிள்ளையிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்தவளை என் கையே மறந்திருக்கிறது! அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில்தான் எங்கேயோ தட்டோடு உட்கார்ந்திருந்திருப்பாள். அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பாவி, பாவி என்று என்னையே வைதேன். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பதே மறந்துபோகும் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் இரண்டரைக்கு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜெபக்கனியின் பார்லருக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "அவ முகத்தப் பாத்து, முடியாது, இது என் சீட்டுன்னு சொல்லு. மிலிட்டரிக்காரரு சொன்னார்ல, அதே மாதிரி. ஒரு சொல்லுட்டி. ஒண்ணே ஒண்ணு." தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

உள்ளே நாற்காலியில் ஜெபக்கனி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் மஞ்சள் பூச்சோடு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தோளைத் தொட்டு எழுப்பினேன். "யக்கா! வாங்க வாங்க, நீங்க மட்டுமா வந்தீங்க?" என்று அவள் வாய் திறந்ததும் என் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது. ஆனால் கை என் கைக்குள் இருந்தது. நான் விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

ஜெபக்கனி கெட்டவள் இல்லை. கண் கலங்கிவிட்டாள். "எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? பொண்ணுக்குப் பொட்டு வைக்கும்போது எங் கை பின்னால இன்னொரு கையும் கூடவே வருது. சொல்லச் சொல்லுங்க யக்கா. நான் கோவிக்கமாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு, தன் வாயால் பேச்சியின் இடம் அடைபடக்கூடாதே என்று சேலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியே கண்ணை மூடி, மூச்சை மெல்ல விட்டு உட்கார்ந்தாள்.

கையிலிருந்து தொடங்கி, தோள், கழுத்து, முகம் என்று பேச்சி மெதுவாக வந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"சொல்லுட்டி," என்றேன்.

ஜெபக்கனியைப் பார்த்தாள். வாயில் துணியோடு அழுகிற ஒருத்தியை எப்படி அந்தச் சொல் சொல்லுவது? உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லேன்! இதுக்குக்கூடவா நான் வந்து பேசணும்? ஒனக்காக எத்தன வருசம்தான் நானே பேசுறது? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" தோளைப் பிடித்து உலுக்கினேன். ஜெபக்கனியின் மூக்கால் அழுகைச் சத்தம் வந்தது, அதற்கே பேச்சியின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் என் வாய் எப்போதும் போகிற வழியில் போனது. "சரி விடு. ஒன்னால முடியாது. வா, வீட்டுக்குப் போவோம். வேலையும் வேணாம், கோயம்புத்தூரும் வேணாம். மத்தியானம் ஒன்றர மணி நேரம் போதும் நமக்கு. நான் பாத்துக்கிடுதேன். எப்பவும் போல இருப்போம், வா."

கையை இழுத்தேன். கை வரவில்லை.

பேச்சி ஜெபக்கனியிடமிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"முடியாதுக்கா," என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் மஞ்சள் பூச்சுப் பெண்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள், தெருவில் போன பூக்காரிகூட எட்டிப் பார்த்தாள். "ஏ, பேச்சி! எங்கட்டி இருந்த இத்தன நாளா?" என்று கேட்டாள். பேச்சியின் கை என் பிடியிலிருந்து கழன்றது. அவளுடைய நிழல் பார்லர் டைல்ஸ் தரையில் நீளமாக விழுந்தது. ஜெபக்கனி வாயிலிருந்து துணியை எடுத்தாள், பேசினாள், பேசியும் பேச்சி மங்கவில்லை. ஜெபக்கனியின் குரல் மட்டும் ஒரு சாதாரணப் பெண்பிள்ளையின் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அவளுக்கு அது போதும், அவளுக்கென்று ஓர் இடம் முன்னாலேயே இருந்தது.

ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "பேச்சி, ஒங்க அக்கா எங்க? இப்ப இங்கதான நின்னாங்க?"

நான் அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

என் தங்கச்சியின் இடத்தில் ஜெபக்கனி உட்கார்ந்தது இரண்டு மாசம். நான் உட்கார்ந்தது இருபத்துமூன்று வருஷம். அவளுக்கு வந்த கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி, அவள் பாயில் காலை நீட்டிப் படுத்து, அவள் இடத்தையும் சேர்த்துத்தான் நான் முப்பிடாதி என்ற பெரிய ஆளாக நடமாடியிருக்கிறேன். அவள் எடுத்துக்கொண்டபிறகு எனக்கென்று மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம்.

இப்போது கவுண்டரில் அண்ணாச்சி வேறு பெண்ணை வைத்திருக்கிறார். நான் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவளும் அதிலேயே உட்காருகிறாள், ஊர் வழக்கம்தானே. டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் அவளோடு பேசுகிறார்கள். தொண்டை கிழியக் கத்தினால் சிலர் காதைத் தேய்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு இவ்வளவு கேட்டதே பெரிது.

பேச்சி அந்த லேபுக்கு மறுபடி எழுதிப் போட்டாள், வரச்சொன்னார்கள். கிளம்பிய காலையில் மழை விட்டிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் வந்து நின்றார்கள். யாரையோ எங்கேயோ அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி அந்தப் புதுப்பெண் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். நான் பஸ் படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பேச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், படியில் கால் வைத்தாள், என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் நான் தெரிகிறேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. சரிக்கா, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன். சொல்லிவிடாதே என் ராசாத்தி என்று வேண்டவும் செய்தேன்.

அவள் சொல்லவில்லை. ஏறிப் போய் நாலாம் நம்பரில் உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் வைத்து, ஜன்னலைத் திறந்தாள். கண்டக்டர் வந்து சார்ட்டைப் பார்த்து, "நாலு, ஒரு ஆளுதானா?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுதான்," என்றாள் என் தங்கச்சி. கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.